ஜன்னல்ல நின்ன நர்சம்மா

கேட்டு சும்மாதான் சாத்தியிருக்கு அம்மிணி, தள்ளிட்டு வாங்க. நாய் பின்னால கட்டிக் கெடக்கு. குலைக்கும், அவ்வளவுதான். வீடு பாக்கத்தான வந்தீங்க? கடைசி வீடு. உள்ள வெள்ளையடிக்கறாங்க, கொஞ்சம் காயட்டும். அது வரைக்கும் இப்படி உக்காருங்க.

எத்தனை பேரு? புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருதானா? சரி. கொழந்த ஏதும்… இல்லீங்க, இருந்தாலும் பரவால்ல, சும்மா கேட்டேன். முன்னயெல்லாம் கைக்கொழந்த இருந்தா நான் வீடே தர மாட்டேன். ஆறு குடி இருக்கற லைன் வீடு, ஒண்ணுக்கொண்ணு ஒரே சுவரு. ஒரு கொழந்த அழுதா ஆறு வீடும் முழிச்சுக்கும். எனக்கு சத்தம் ஆகாது. எங்கூட்டுக்காரர் போனப்புறம் பையனும் பெங்களூருக்குப் போயிட்டான். நானும் எங்க டாலரும்தான். டாலர்ங்கறது நாய். பனியன் கம்பெனி ஊரு பாருங்க, பையன் வெச்ச பேரு.

உங்களுக்கு முன்ன அந்த வீட்டுல இருந்தவ வடிவு. திருநெல்வேலிப் பக்கத்துப் புள்ள. அவ புருசன் சுடலைமணி. ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில டெய்லரு. விரும்பிக் கட்டிக்கிட்டாங்க. அதனால ரெண்டு வீட்டுலயும் பேச்சு வார்த்தை இல்ல. வளைகாப்பு போட ஒரு ஆளு வரல, பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆளு வரல. கெவருமெண்டு ஆஸ்பத்திரியில பொம்பளப் புள்ள பொறந்துச்சு. கொஞ்சம் எடை கம்மி. மூணாம் நாளு ஆட்டோவுல வந்து எறங்கறாங்க, இவன் கையில ஒரு பை, அவ கையில ஒரு துணிப் பொட்டலம். அந்தப் பொட்டலந்தான் கொழந்த. எனக்கு எங்க கொழந்தைன்னே தெரியல, அத்தனூண்டு.

சுடலைமணி நாலஞ்சு நாளு லீவு போட்டான். அப்புறம் ஷிப்மெண்ட் இருக்கு வான்னு கம்பெனியில கூப்புட்டுட்டாங்க. போகலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க, அவன் என்ன பண்ணுவான். போனும் கையில வெச்சுக்க முடியாது, உள்ள போறப்பவே வாங்கி லாக்கர்ல போட்டுருவாங்க. இந்தப் புள்ள பகல் பூரா தனியா. நான் இருக்கேனில்ல, பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.

பாத்துக்கவும் செஞ்சேன். கொழந்த தூங்குனா எழுப்பாத, அது வளர்ற நேரம்னு சொன்னேன். பச்ச உடம்பு, தண்ணிய ரொம்பக் குடிக்காத, வயிறு பெருத்துரும்னு சொன்னேன். இத்தனையும் வாசப்படியில நின்னே சொல்லிட்டு வந்துருவேன். உள்ள போய் தொந்தரவு பண்ணக் கூடாதில்ல? எங்க காலத்துல இப்படிச் சொல்ல ஆளு இருந்தாங்க. அவளுக்கு யாரு இருக்கா?

கொழந்தையா, அப்படி ஒரு நல்ல கொழந்த. சத்தமே இல்லீங்க. நானும் ராத்திரி அழும், பகல்ல அழும்னு காத்துக்கிட்டுக் கெடக்கறேன், ஒண்ணுங் கெடையாது. பக்கத்து வீட்டுக்காரங்க கிட்டயெல்லாம் சொன்னேன், வளத்தா இப்படி வளக்கோணும்னு. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

இதுக்கு நடுவுலதான் அந்த நர்சம்மா வந்தாங்க.

பிரேமலீலான்னு பேரு. பிரசவம் ஆன வீட்டுக்கெல்லாம் வந்து தாயையும் புள்ளையையும் பாக்கறது அவிய வேலை. எனக்கு எப்படித் தெரியும்? மொதல் தடவ வந்தப்ப நான் கேட்டைப் பூட்டிட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன். பூட்டிட்டுத்தான் போவேன், காலம் அப்படிக் கெடக்கு. குடியிருக்கறவங்க கிட்ட ஒரு சாவி இருக்கு, ஆனா வடிவு கடைசி வீட்டுல படுத்துக் கெடக்கறா, கேட்டுல கூப்புட்டா அவளுக்கு எங்க கேக்கும்? சுடலைமணி நம்பருக்கு அடிச்சிருக்காங்க. அது லாக்கர்ல கெடந்து அடிச்சிருக்கும். திரும்பிப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல? யாரு தப்பு?

ரெண்டாவது தடவ நான் இருந்தேன். கேட்டுக்கு வெளிய ஸ்கூட்டர நிறுத்திட்டு, ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாம, நாயைக் கட்டுங்கம்மான்னாங்க. வந்த உடனே அதுதான் மொதப் பேச்சு. வணக்கங் கெடையாது, ஒண்ணுங் கெடையாது. நான் சொன்னேன், அவன் ஒண்ணும் பண்ண மாட்டானுங்க, மோந்து பாப்பான், விட்டுருவான், நீங்க வாங்கன்னு. அதுக்கு அவிய, போன வருசம் ஒரு வீட்டுல இப்படித்தான் சொன்னாங்க, அப்புறம் நான்தான் ஊசி போட்டுக்கிட்டேன்னாங்க. அது வேற நாயி. அதுக்கும் எங்க டாலருக்கும் என்ன சம்பந்தம்? அவனப் பொறந்ததுல இருந்து கட்டுனதில்ல. கட்டுனா சோறு திங்க மாட்டான். ஒரு ஜீவனப் பட்டினி போட முடியுமா?

அவிய வெளிய நின்னுட்டே கேக்கறாங்க. கொழந்த நல்லாப் பால் குடிக்குதா, உடம்பு சூடா இருக்குதா, அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் கீச்சல் இருக்குதா, ரத்தப்போக்கு எப்படின்னு வரிசையா. எல்லாம் நல்லா இருக்குதுங்கன்னு சொன்னேன். நல்லாத்தான் இருக்கும், சத்தமே இல்லையே. நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்கன்னு மரியாதையாத்தான் சொன்னேன். நீங்க சொல்றது போதாதுங்கம்மா, நான் தொட்டுப் பாக்கோணும்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. நானும் ஒண்ணு பெத்தவ தானுங்களே. டி.வி.யில நாடகம் வேற ஆரம்பிச்சிருச்சு. உள்ள வந்துட்டேன்.

எட்டிப் பாத்தா இன்னும் அங்கயேதான் நிக்கறாங்க. அப்புறம் ஸ்கூட்டர் கெளம்புற சத்தம் கேட்டுச்சு.

அடுத்தாப்புல வந்த நாளுதான் நாளு. மழ விட்டு விட்டுப் பேஞ்சிட்டிருந்துச்சு, குளுரு. நான் அடுப்படியில இருக்கறேன். டாலரு கேட்டுப் பக்கம் போகாம பின்னால ஓடி, சுவரப் பாத்துக் குலைக்கறான். பின்பக்கம் ஒரு சந்து இருக்குதுங்க, சாக்கடை போற சந்து. அங்க ஒரு மனுசனும் போக மாட்டான். எவனோ திருடன்னு நெனச்சு வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு ஓடுனேன். வடிவு வீட்டுக் கதவு தொறந்து கெடக்கு. உள்ள பாத்தா, சந்துப் பக்கத்து ஜன்னல்ல ஒரு ஹெல்மெட்டு.

நர்சம்மாதானுங்க. அந்தச் சந்துக்குள்ள வண்டியக் கொண்டாந்து, ஸ்டாண்டு போட்டு, அதும்மேல ஏறி நிக்கறாங்க. குட்டையான ஆளு வேற, ஒரு கையில கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டிருக்காங்க. வடிவு கொழந்தையத் தூக்கி ஜன்னல்கிட்டக் காட்டிட்டு நிக்கறா. அவ நிக்கறதே சுவருல சாஞ்சுதான். நர்சம்மா இன்னொரு கையக் கம்பிக்குள்ள விட்டு, துணிய வெலக்கி, கொழந்தையோட காலத் தொடறாங்க. வயித்தத் தொடறாங்க. மறுபடி காலு. உள்ளங்காலச் சுண்டி விடறாங்க. அது லேசா மொகத்தச் சுளிச்சுது, அவ்வளவுதான்.

எப்போ பால் குடிச்சுதுன்னு கேட்டாங்க. வடிவுக்குச் சொல்லத் தெரியல. "தூங்கிக்கிட்டே இருக்காக்கா. எழுப்பக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு"ன்னா. அம்மான்னா நான்தான். அப்படித்தான் கூப்புடுவா.

நான் வெளக்கமாத்தோட அங்கயே நிக்கறேன். நர்சம்மா என்னப் பாத்தாங்க. சத்தம் போடுவாங்கன்னு நெனச்சேன். போடல.

"கொழந்தை அழாம இருக்கறது நல்லதுக்கு இல்லம்மா. அழறதுக்கு அதுக்குத் தெம்பு இல்ல. நாயைக் கட்டுங்க, நான் உள்ள வரணும்."

இத்தன நாளும் கேட்ட அதே பேச்சுதான். ஆனா அன்னிக்கு என்னமோ எனக்குக் காலு தானா ஓடுச்சு. சங்கிலிக்கு எங்க போறது, வாங்குனதே இல்லையே. துணி காயப்போடற கயித்த அவுத்தேன். தொவச்ச துணி பூரா சேத்துல விழுந்துச்சு. டாலரப் புடிச்சுக் கொய்யா மரத்துல கட்டுனேன். என்னப் பாத்தான் பாருங்க ஒரு பார்வை, இப்படிப் பண்ணிட்டியேன்னு. வாயத் தொறந்து அவன் கேக்கல, ஆனா எனக்குத் தெரியும்.

நர்சம்மா உள்ள வந்து மொதல்ல கையக் கழுவுனாங்க. கொழந்தைக்கு அக்குள்ள தெர்மாமீட்டரு வெச்சாங்க. அப்புறம் வடிவோட நெத்தியத் தொட்டாங்க. அனலாக் கொதிக்குது. மாரு கல்லாட்டம் கட்டியிருக்கு. வலிக்குதுன்னு அவளும் கொழந்தையப் பால் குடிக்க விடல, அதுவும் கேக்கல. யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. ஏன் சொல்லலன்னு நர்சம்மா கேட்டதுக்கு, "யார்ட்டக்கா சொல்ல?"ன்னா. நான் பத்தடி தள்ளித்தான இருக்கறேன்? அந்தப் புள்ளைக்கு அவ்வளவு கூச்ச சுபாவம் பாருங்க.

நூத்தியெட்டுக்குப் போன் போட்டாங்க. சுடலைமணி கம்பெனி ஆபீசுக்கும் அடிச்சு, ஆளக் கூப்புட்டு விடுங்கன்னு ஒரு அதட்டு. வண்டி வர்ற வரைக்கும் கொழந்தைய உடம்போட உடம்பா ஒட்டி வெக்கோணும், நடுவுல துணி கூடாதுன்னாங்க. பெத்தவளே வெச்சுக்கிட்டாத்தான் ரொம்ப நல்லதாம். ஆனா அவ நடுங்கிட்டுச் சுருண்டு படுத்துட்டா, கொழந்தையப் புடிக்கக் கையில வலு இல்ல. நர்சம்மா அவள வேற பாக்கோணும்.

"அம்மா, ஜாக்கெட்டு ஊக்கக் கழட்டுங்க."

எங்கிட்டத்தானுங்க சொல்றாங்க. நானான்னு கேட்டேன். வேற யாரு இருக்கான்னாங்க. எனக்கு அம்பத்தெட்டு வயசு அம்மிணி. வெக்கமாப் போச்சு. கதவச் சாத்திட்டு, சுவரப் பாத்து உக்காந்துட்டுக் கழட்டுனேன். கொழந்தையோட துணியெல்லாம் உருவிட்டு, என் நெஞ்சு மேல குப்புறப் படுக்க வெச்சு, மொகத்த ஒரு பக்கமாத் திருப்பி விட்டு, என் சேலையும் ஒரு கம்பளியும் போட்டு மூடுனாங்க. தலைக்குக் குல்லா இல்ல. சுடலைமணி கொண்டாந்து போட்டிருந்த வேஸ்ட் துணி மூட்டையில ஒரு பனியன் கை கெடந்துச்சு. அத இழுத்து ஒரு முனையில முடிச்சுப் போட்டாங்க, குல்லா ஆயிருச்சு. அதுல என்னமோ இங்கிலீசு எழுத்து. எந்த நாட்டுக்காரனுக்குத் தெச்சதோ.

அது எம் மேல பட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சுங்க. அந்தச் சில்லிப்பு. மழத் தண்ணியில கெடந்த கல்ல எடுத்து நெஞ்சுல வெச்ச மாதிரி. ஒரு கொழந்த அப்படி இருக்கக் கூடாதுங்க. கம்பளிய இன்னும் இழுத்து மூடிக்கிட்டேன்.

அந்தப் பக்கம் நர்சம்மா வடிவுக்கு நெறையத் தண்ணி குடுத்து, கையாலயே பாலப் பீச்ச வெச்சு, பாலாடையில கொண்டாந்து துளித் துளியா அது ஒதட்டுல வெக்கறாங்க. மொதல்ல வழிஞ்சு போச்சு. எங்கழுத்தெல்லாம் பாலு. அப்புறம் நாக்க ஒரு தடவ நீட்டுச்சு. நான் மூச்சு விடாமப் பாத்துட்டிருக்கறேன். இன்னொரு தடவ நீட்டுச்சு.

வண்டியிலயும் நான்தான் அப்படியே வெச்சுட்டுப் போனேன். வடிவு படுத்துட்டு எங்காலப் புடிச்சுட்டு வர்றா. பாதி வழியில கொழந்த லேசா அசையுது. தலையத் தூக்கித் தூக்கி எதையோ தேடுது. எங்கிட்ட என்ன இருக்கு? இருந்தாலும் தேடுது. எம் பையன் பொறந்தப்பக் கூட நான் அவன இப்படி வெச்சுட்டதில்லீங்க. அப்பல்லாம் பாலக் குடுத்த உடனே மாமியாரு எடுத்துட்டுப் போயிருவாங்க. போறாங்கன்னு விட்டுருவேன். இது வேற மாதிரி இருந்துச்சு. சொல்லத் தெரியல. ஆஸ்பத்திரியில எறங்குனதும் கையில வாங்கிட்டாங்க. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு, நெஞ்சு வெறுமையா. குளுருக்கா இருக்கும்.

கொழந்தையச் சூடு குடுக்கற பெரிய லைட்டுக்கு அடியில படுக்க வெச்சாங்க. வடிவுக்கு ஊசி, மருந்து. சுடலைமணி கம்பெனி அடையாள அட்டையக் கழுத்துல தொங்கவிட்டுட்டே ஓடியாந்தான், வராந்தாவுல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ஒரு சின்ன வயசு டாக்டரு வந்து, வர்ற வழியில கொழந்தைய யாரு நெஞ்சோட வெச்சிருந்ததுன்னு கேட்டாரு. நான்தாங்கன்னேன். நல்ல வேலை பண்ணுனீங்கம்மா, இன்னும் சில்லிட்டிருந்தா கஷ்டமாப் போயிருக்கும்னாரு. நர்சம்மாவும் பக்கத்துலதான் நின்னாங்க. அவியளும் கேட்டாங்க. ஆமா டாக்டர், அவங்கதான்னு சொல்லிட்டு வண்டியெடுத்துட்டுக் கெளம்பிட்டாங்க. அடுத்த வீட்டுக்குப் போகோணுமாம்.

அப்போ யாரு காப்பாத்துனது? நீங்களே சொல்லுங்க. நானாச் சொன்னாத் தற்பெருமையா இருக்கும். இந்த வீதியில எல்லாத்துக்கும் தெரியும், நான்தான் சொல்லியிருக்கேனே.

ஒரு வாரத்துல ரெண்டு பேரும் திரும்பி வந்தாங்க. அதுக்கப்புறம் நர்சம்மா வந்து வந்து பாத்தாங்க. எடை போடுவாங்க, பால் குடுக்கறதப் பக்கத்துல உக்காந்து பாப்பாங்க, வடிவு கிட்டத் தனியாப் பேசுவாங்க. மனசு எப்படி இருக்குன்னெல்லாம் கேப்பாங்க. ஒரு நாளு அவ அரை மணி நேரம் அழுதா. எதுக்குன்னு எனக்குச் சொல்லல, அழுது முடிச்சதும் மொகம் தெளிஞ்சிருந்துச்சு. தண்ணியக் கொறைக்கச் சொன்னது யாருன்னு நர்சம்மா கேட்டாங்க. யாரோ தெரியாதவங்க சொல்லியிருப்பாங்கன்னு சொல்லிட்டேன். கொழந்தைய எழுப்பி எழுப்பிப் பால் குடுக்கோணும்னாங்க. அதையே நான் வடிவுக்கு நாளுக்குப் பத்துத் தடவ ஞாபகப்படுத்துனேன். சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?

இப்பத் தெனமும் காலையில டாலரக் கட்டிப் போட்டுருவேன். நர்சம்மாவுக்காக இல்லீங்க. அவனுக்கும் வயசாச்சு, கொஞ்சம் ஒரு எடத்துல உக்காரட்டும்னுதான். சோறெல்லாம் நல்லாத் திங்கறான். ஆனா ஒண்ணு, அவனக் கட்ட வெச்சதுக்கு நர்சம்மா இது வரைக்கும் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல. அது எனக்கு ஒரு மனத்தாங்கல்தான்.

வடிவுக்குத் தெனமும் கேப்பக்களியோ முட்டையோ கொண்டு போய்க் குடுப்பேன். மிச்சமானதுதாங்க. ஒருத்திக்குச் சமைச்சா மிச்சமாகத்தான் செய்யும். கொழந்தைக்கு எம் பேர வெக்கட்டுமான்னு கேட்டாங்க. துளசிமணின்னு இந்தக் காலத்துல யாரு வெப்பா, வேண்டாம்னுட்டேன். மகிழினின்னு வெச்சுட்டாங்க. ஒரு தடவ வேண்டாம்னு சொன்னா விட்டுர்றதா? இன்னொரு தடவ கேட்டிருக்கலாம். கொழந்த இப்பக் கொழுக்மொழுக்னு ஆயிருச்சு, தொண்ட வேற. அது அழுதா மெயின் ரோட்டுக்குக் கேக்கும். எடம் பத்தலன்னு போன மாசந்தான் அடுத்த வீதிக்குக் குடி போனாங்க. சாயந்தரத்துல காலாற நடக்கப் போறப்ப அப்படியே எட்டிப் பாத்துட்டு வருவேன். அந்த வீதியில நடக்கத்தான் நல்லா இருக்கு.

சுவரு காஞ்சிருக்கும், பாக்கலாம் வாங்க. இருங்க, இத ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. போன வாரம் நடந்தது.

நாலு வீடு தள்ளி ரத்தினசாமின்னு ஒருத்தர் காம்பவுண்டு இருக்குது. ஒடிசாக்காரப் பசங்க குடியிருக்கறாங்க. அங்க ஒரு புள்ளைக்குப் பிரசவம் ஆகி வந்திருக்கு. நான் கறிவேப்பிலை வாங்கிட்டு வர்றேன், நர்சம்மா கேட்டுக்கு வெளிய வெயில்ல நிக்கறாங்க. உள்ள பூட்டு. ரத்தினசாமி மாடியில நின்னு பேசறாரு. கண்ட கண்ட ஆளெல்லாம் உள்ள விட முடியாதாம், போன மாசம் எவனோ சிலிண்டரத் தூக்கிட்டுப் போயிட்டானாம், அந்தப் புள்ளையோட புருசன் இருக்கறப்ப ஞாயித்துக்கெழம வாங்கன்னு சொல்றாரு. அது நல்லாத்தான் இருக்குதாம், அவரு பாத்துக்குவாராம்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். ஏனுங்க, பச்ச உடம்புக்காரி பாசை தெரியாத ஊருல தனியாக் கெடக்கறா, அவளப் பாக்க வந்தவங்கள வெளிய நிறுத்தி வெச்சுட்டு நீங்க மாடியில நின்னு பேசுவீங்களா? உங்களுக்கு என்னங்க தெரியும், நீங்க போய்த் தொட்டுப் பாத்தீங்களா? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமான்னு கேட்டேன். வீதியே வெளிய வந்துருச்சு. எறங்கி வந்து பூட்டத் தொறந்தாரு, மொகத்தத் தொங்கப் போட்டுட்டு. எப்படியெல்லாம் மனுசங்க இருக்காங்க பாருங்க அம்மிணி. என்னால இப்படியெல்லாம் இருக்கவே முடியாதுங்க.

திரும்பிப் பாத்தா நர்சம்மா என்னையே பாத்துட்டு நிக்கறாங்க. சிரிக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. ஹெல்மெட்டைக் கழட்டி எங்கையில குடுத்துட்டு உள்ள போனாங்க.

நான் அங்கயே கேட்டைப் புடிச்சுட்டு நின்னேன். அவிய வெளிய வர்ற வரைக்கும். எவனாவது சாத்திருவானில்ல.